மனைவிக்கு டிரினிடாடில் வேலை. நான் ராஜினாமா செய்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பி.இ. மெக்கானிக்கல் படித்தவன். திருச்சியில் பாய்லர் பாகங்களும் பிரஷர் வெசல்களும் (உயர் அழுத்தக் கலன்கள்) செய்யும் ஒரு தனியார் ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தில் பதினாறு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுக்கும் என் மனைவிக்கு, டிரினிடாடில் உள்ள வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு வயதில் ஒரு மகள். மூவரும் சேர்ந்தே போவது என்று முடிவு செய்துவிட்டோம். நான் ராஜினாமா செய்துவிட்டு அங்கே போய் வேலை தேடலாமா? இங்கிருந்தபடியே இணையத்தில் நிறைய விண்ணப்பித்தேன், ஒரு பதிலும் இல்லை. ‘எண்ணெய் எடுக்கும் நாடு, போய் இறங்கினாலே வேலை’ என்கிறார்கள் சிலர். மூன்று லட்சம் கொடுத்தால் வேலையும் ஒர்க் பெர்மிட்டும் வாங்கித் தருவதாகச் சென்னையில் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வீட்டுக் கடன் தவணையும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: முதலில் உங்கள் துணைவியாருக்கு என் வாழ்த்துகள். மூவரும் சேர்ந்து போவது நல்ல முடிவு. ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். பதினாறு வருடம் உழைத்த ஆளை எந்த நிர்வாகமும் எளிதில் விட விரும்பாது. ஒரு வருடம் தர மறுத்தால் ஆறு மாதமாவது கேட்டுப் பாருங்கள். திரும்பி வர ஓர் இடம் இருந்தால்தான், அங்கே முதலில் கிடைத்த ஏதோ ஒரு வேலையில் தலையைக் கொடுக்காமல் நிதானமாகத் தேட முடியும்.

டிரினிடாடின் பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் ஆய்வுப் பொறியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் விண்ணப்பங்களுக்குப் பதில் வராததற்கு உங்கள் தகுதி காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. மனைவியின் பெர்மிட்டை வைத்து அவரைச் சார்ந்தவராக நீங்கள் அங்கே தங்கலாம், ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க உங்கள் பெயரில் தனியாக ஒர்க் பெர்மிட் வேண்டும். அதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, உங்களை எடுக்கும் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு, இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் தேடினோம், கிடைக்கவில்லை என்பதையும் அந்த நிறுவனம் காட்டியாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கரீபியன் நாடுகள் சேர்ந்து அமைத்திருக்கும் காரிகாம் கூட்டமைப்பின் பொதுச்சந்தை ஏற்பாட்டில், பட்டம் பெற்ற ஒரு ஜமைக்காக்காரரோ பார்படோஸ்காரரோ திறன் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒர்க் பெர்மிட் இல்லாமலேயே டிரினிடாடில் வேலைக்குச் சேரலாம். உங்களைப் போலவே படித்த ஒருவர் பக்கத்துத் தீவில் இருக்கும்போது, திருச்சியிலிருந்து வரும் பொதுவான ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் விண்ணப்பத்துக்காக யாரும் இத்தனை காகித வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: அவர்களுக்கு எளிதில் கிடைக்காத எது உங்களிடம் இருக்கிறது?

அதற்கு முன் அந்த ‘எண்ணெய் நாடு’ பேச்சை முடித்துவிடுகிறேன். டிரினிடாடில் 1908 முதல் வணிக ரீதியில் எண்ணெய் எடுக்கிறார்கள். பின்னால் இயற்கை எரிவாயு வந்தது. அதை நம்பி பாயிண்ட் லிசாஸில் அம்மோனியா, மெத்தனால் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1999ல் பாயிண்ட் ஃபோர்ட்டினில் அட்லாண்டிக் நிறுவனம் எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, ஏற்றுமதியைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே போனவர்களுக்கு வேலை உண்மையிலேயே காத்திருந்தது. உங்களிடம் சொன்னவர்கள் அந்தக் காலத்து ஆட்களாக இருக்கலாம்.

2010 வாக்கில் ஒரு நாளைக்கு 400 கோடி கன அடிக்கு மேல் இருந்த எரிவாயு உற்பத்தி, இன்று சுமார் 250 கோடிக்கு இறங்கிவிட்டது. வாயு குறைந்தால் அதைத் தின்னும் ஆலைகள் ஒவ்வொன்றாக நிற்கும். அட்லாண்டிக்கின் முதல் டிரெயின், அதாவது வாயுவைத் திரவமாக்கும் முதல் அலகு, 2020 கடைசியிலிருந்து ஓடவில்லை. 2024ல் மெத்தனால் நிறுவனமான மெத்தனெக்ஸ் தன் பெரிய அட்லஸ் ஆலையை நிறுத்திவிட்டு, சிறிய டைட்டனை ஓட்டத் தொடங்கியது. 2025 அக்டோபரில் உர நிறுவனமான நியூட்ரியன் தன் அம்மோனியா ஆலைகளை நிறுத்தியது. அதற்கு வாயுப் பற்றாக்குறையோடு துறைமுகப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2016ல் பாயிண்ட் லிசாஸின் எஃகு ஆலை மூடப்பட்டது. 2018 நவம்பரில் பாயின்ட்-அ-பியரில் அரசுக்குச் சொந்தமான சுத்திகரிப்பு ஆலையும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் நல்ல கைகாரர்கள் பலர் 2019 இறுதியில் எண்ணெய் பாயத் தொடங்கிய கயானாவுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் உள்ளூரில் இருக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வேலைக்கு அவர்களும் விண்ணப்பிக்கிறார்கள்.

இதைப் படித்துச் சோர்ந்துவிடாதீர்கள். கடலில் புதிய வாயு வயல்களைத் திறக்கும் வேலை நடக்கத்தான் செய்கிறது. ஷெல்லின் மனாட்டி வயலிலிருந்து 2027ல் வாயு வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் உங்களுக்கான இடம் அந்தப் புதிய வேலைகளில் இல்லை. கரையில் நிற்கும் பழைய ஆலைகளில் இருக்கிறது.

பாயிண்ட் லிசாஸ் ஆலைகளில் பல இருபது, முப்பது வயதைத் தாண்டியவை. சில நாற்பதைத் தாண்டியவை. புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, வாயுவும் இல்லை. அப்படியானால் இருப்பதை வெடிக்காமல், ஒழுகாமல் ஓட்டியாக வேண்டும். அதற்கு வெல்டிங்கும் உலோகமும் அறிந்த, பிரஷர் வெசல் ஒன்றைப் பார்த்து ‘இது இன்னும் எத்தனை வருடம் தாங்கும்’ என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஆய்வாளர் வேண்டும். உங்கள் பதினாறு வருடமும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

மெத்தனால் ஆலையின் நடுவில் ரிஃபார்மர் என்று ஓர் உலை இருக்கும். வாயுவையும் நீராவியையும் நிக்கல்-குரோமியம் கலந்த வார்ப்புக் குழாய்களுக்குள் செலுத்தி, வெளியிலிருந்து எரிப்பார்கள். குழாயின் உலோகம் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வருடக்கணக்கில் நிற்கும். வழக்கமாக ஒரு லட்சம் மணி நேர ஆயுளுக்கு, அதாவது சுமார் பதினொன்றரை வருடத்துக்குக் கணக்கிட்டு வடிவமைப்பார்கள். அதன் பிறகு குழாய் மெல்ல உப்பும், உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் பிறக்கும். க்ரீப் என்று நீங்கள் சூப்பர்ஹீட்டர் குழாய்களில் பார்த்திருப்பீர்களே, அதேதான். விட்டத்தை அளப்பது, உலோகப் பரப்பை அச்செடுத்துப் பார்க்கும் ரெப்ளிகா எடுப்பது, எந்தக் குழாயை மாற்றலாம், எதை அடுத்த ஷட்டவுன் வரை விடலாம் என்று முடிவு செய்வது எல்லாமே உங்களுக்குப் பழகிய சிந்தனை. உலோகக்கலவை மட்டும் வேறு.

அம்மோனியா டேங்க் வேறொரு உலகம். மைனஸ் 33 டிகிரியில் திரவ அம்மோனியா நிற்கும் கார்பன் ஸ்டீல் தொட்டியில், துளி ஆக்ஸிஜன் கலந்தாலும் வெல்டுக்குப் பக்கத்தில் அழுத்த அரிப்பு விரிசல் வரலாம். அதைத் தடுக்க அம்மோனியாவில் 0.2 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து வைப்பார்கள். இதைப் பற்றி நிறைய வெளிவந்திருக்கிறது, போவதற்கு முன் படித்துவிடுங்கள். அப்புறம் இன்சுலேஷனுக்கு அடியில் வரும் துரு. கடற்கரை உப்புக்காற்று, வருடத்தில் பாதி மழை, தகரம் கிழிந்த இன்சுலேஷன் மூன்றும் சேர்ந்தால் வெளியே பளபளவென்று தெரியும் குழாய் உள்ளே செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். அந்தத் தீவில் ஆய்வாளருக்கு ஓயாத வேலை இதுதான். நிறுத்தி வைத்த ஆலைகளும் இதில் சேரும். நைட்ரஜன் நிரப்பிப் பாதுகாப்பதற்கும், மறுபடி ஓட்டுவதற்கு முன் தகுதி பார்ப்பதற்கும் ஆள் வேண்டும்.

ஆகவே விமானம் ஏறும் முன் அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் ஏபிஐ 510 தேர்வை முடித்துவிடுங்கள். அது பிரஷர் வெசல் ஆய்வாளர் சான்றிதழ், உங்கள் அனுபவத்துக்குச் சட்டையைப் போலப் பொருந்தும். நேரம் இருந்தால் குழாய்களுக்கான 570. தொட்டிகளுக்கான 653ஐ அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி எதையும் முடிக்காமல் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும், கையில் இருக்க வேண்டும். வெல்டிங்கில் அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் சிடபிள்யூஐ என்ற ஆய்வாளர் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தால் நல்லது. அங்கே ஆலைகள் பெரும்பாலும் அமெரிக்க விதிகளில்தான் ஓடுகின்றன.

சி.வி.யையும் அதே மொழிக்கு மாற்ற வேண்டும். ‘ஐபிஆர் விதிப்படி பாய்லர் பாகங்கள் ஆய்வு’ என்று நீங்கள் எழுதியிருந்தால், இந்திய பாய்லர் விதிமுறை என்று ஒன்று இருப்பதே அங்கே படிப்பவருக்குத் தெரியாது. அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிகளில் செக்‌ஷன் 1, செக்‌ஷன் 8, செக்‌ஷன் 9 ஆகியவற்றில் நீங்கள் செய்ததை எழுதுங்கள். எந்தெந்த உலோகம், எவ்வளவு தடிமன், எத்தனை வெல்டிங் செயல்முறைகளைத் தகுதிப்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் கண்டுபிடித்த ஒரு குறையை, அதன் காரணத்தோடும் தீர்வோடும் நாலு வரியில் சொல்லுங்கள். ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். மொத்தம் இரண்டு பக்கம் போதும்.

பட்டச் சான்று பற்றி ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014ல் சேர்ந்தது. அதனால் நம் பட்டம் உலகெங்கும் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். தேசிய அங்கீகார வாரியமான என்பிஏவின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும், அதுவும் அங்கீகாரம் நடப்பில் இருந்த வருடங்களில் முடித்தவர்களுக்கு. நீங்கள் அதற்கு முன்பே முடித்தவர் என்பதால் உங்களுக்கு அது உதவாது. உதவாவிட்டாலும் பரவாயில்லை. டிரினிடாடில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட அங்கீகாரக் கவுன்சில் ஒன்று இருக்கிறது. பொறியாளராகப் பதிவு செய்துகொள்ள, 1985 சட்டத்தின் கீழ் இயங்கும் பொறியியல் வாரியம் இருக்கிறது. பதிவை முதல் மாதமே எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் அதற்கான காகிதங்களை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். அங்கிருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது பெரும்பாடு. பட்டம், திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று மூன்றுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் போலீஸ் சான்றும் வாங்குங்கள். உங்கள் நிறுவனத்திடம் ‘இந்தத் தேதி முதல் பணிபுரிகிறார்’ என்ற ஒரு வரிக் கடிதத்தை ஏற்காதீர்கள். என்ன வேலை, யாருடைய மேற்பார்வையில் என்று விவரமாக எழுதி வாங்குங்கள்.

அங்கே போன பிறகு வேலை எப்படி வரும்? பெரும்பாலும் ஆலைகளிடமிருந்து நேரடியாக வராது. ஆய்வு, பராமரிப்பு ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வரும். சில வருடத்துக்கு ஒருமுறை ஆலையை முழுதாக நிறுத்திச் செய்யும் டர்ன்அரவுண்ட் சமயத்தில்தான் அவர்களுக்கு ஆள் தட்டுப்பாடு வரும். அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு: பன்னிரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை, தொடர்ச்சியாக 30 நாள் வரை, வெளிநாட்டவர் ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்கலாம். ஷட்டவுன் வேலைக்கு அது கச்சிதமான காலம். உங்கள் விசா நிலையில் அது செல்லுமா என்று குடிவரவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பயன்படுத்துங்கள். உங்கள் தவறு மனைவியின் பெர்மிட்டைப் பாதிக்கக் கூடாது. ஒரு ஷட்டவுனில் உங்கள் அறிக்கையைப் படித்த மேலாளர், அடுத்த முறை பெர்மிட்டுக்கு மெனக்கெடத் தயங்க மாட்டார். தீவின் மொத்த மக்கள்தொகையே பதினைந்து லட்சத்துக்குள்தான். ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள், நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரு வாரத்தில் பரவிவிடும்.

அந்த வட்டத்துக்குள் நுழைய உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வாசல் இருக்கிறது. உங்கள் மனைவி சேரப்போகும் மருத்துவப் புலம் மவுண்ட் ஹோப்பில் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம் பக்கத்திலேயே செயின்ட் அகஸ்டினில். மெக்கானிக்கல் துறைத் தலைவருக்கு ஒரு மரியாதையான கடிதம் எழுதி, வெல்டிங் பற்றியோ பாய்லர் விபத்து ஆய்வு பற்றியோ மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வகுப்பு எடுக்க முன்வாருங்கள். ஆலைகளில் இன்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் பலர் அந்தத் துறையில் படித்தவர்கள். பொறியாளர் சங்கமான ஏபிஇடிடியின் கூட்டங்களுக்கும் போங்கள். வெல்டர்களுக்குப் பயிற்சி தரும் என்இஎஸ்சி தொழிற்பயிற்சி நிறுவனத்தையும் ஒருமுறை பாருங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த வெல்டிங் ஆளுக்கு அங்கே மதிப்பு உண்டு. மனைவிக்கு வேலை கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவிடமும் இப்போதே கேளுங்கள்: துணைக்கு வேலை தேட ஏதாவது உதவி செய்வார்களா என்று. கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் சென்ற சுமார் 1,44,000 பேரின் பேரப்பிள்ளைகள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து போனவர்கள், மதராஸிலிருந்து போனவர்கள் சிறு பகுதி. அதனால் சில குடும்பப் பெயர்கள் உங்கள் காதுக்குப் பழகியவையாக இருக்கும். அன்போடு பழகுவார்கள், வீட்டுக்கு அழைத்து ரொட்டியும் கறியும் போடுவார்கள். ஆனால் தமிழ் வழக்கொழிந்து பல தலைமுறை ஆகிவிட்டது, அவர்கள் முழு டிரினிடாட்காரர்கள். ‘நம்ம ஆள்’ என்ற உரிமையில் வேலை கேட்காதீர்கள், அது அவர்களைச் சங்கடப்படுத்தும். நல்ல நட்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக் கடன். அங்கே சம்பளம் டிரினிடாட் டாலரில் வரும். ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 6.8 என்பது அதன் மதிப்பு. ஆனால் வங்கியில் போய்க் கேட்டால் அமெரிக்க டாலர் எளிதில் கிடைக்காது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு அங்கே பல வருடப் பிரச்சினை. கடன் அட்டைக்குக்கூட வரம்பு வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பித் தவணை கட்டிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு வருடத் தவணைக்கான ரூபாயை இங்கேயே கணக்கில் வைத்துவிட்டுப் போங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியையாவது அமெரிக்க டாலரில் தர முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே உங்கள் மனைவி கேட்கட்டும்.

விடுப்பில் இருக்கும்போது உங்கள் நிறுவனத்துக்கே வெல்டிங் ஆவணங்களையும் வரைபடங்களையும் சரிபார்க்கும் வேலையை அங்கிருந்து செய்யலாமா என்றும் யோசியுங்கள். நேர வித்தியாசம் ஒன்பதரை மணி. அங்கே காலை ஏழு மணி, இங்கே மாலை நாலரை. திருச்சி அலுவலகம் பகலில் அனுப்புவதை, இங்கே இரவாக இருக்கும் உங்கள் பகலில் பார்த்து அனுப்பிவிடலாம். இதற்கும் குடிவரவு அலுவலகத்தின் சம்மதத்தையும் ஒரு வரி ஆலோசகரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு தகப்பனாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024ல் அங்கே நடந்த கொலைகள் 600ஐத் தாண்டின. ஆண்டு முடிவில் அவசரநிலையே அறிவித்தார்கள். பெரும்பகுதி கும்பல்களுக்குள் நடப்பது. இருந்தாலும் வீடு பார்க்கும்போது வாடகையைவிடத் தெருவை முதலில் பாருங்கள், பல்கலைக்கழக ஊழியர்கள் வசிக்கும் பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். மகளுக்கு ஆங்கில வழிப் பள்ளிதான், சிரமம் இருக்காது. பயணத்தில் இரண்டு விஷயம்: அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். டிரினிடாடிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். மூவரும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக அந்த ஏஜென்ட். மூன்று லட்சத்தைக் கொடுக்காதீர்கள். பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது டிரினிடாட் நிறுவனம், கொடுப்பது டிரினிடாட் அரசு. சென்னையில் இருப்பவரால் அதை வாங்கித் தர முடியாது. நம் நாட்டு விதிப்படியும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவு பெற்ற முகவர்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. அவருடைய பெயரை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். எந்த நிறுவனம், என்ன பதவி, யார் கையெழுத்து என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஏபிஐ தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள். அடுத்த தேர்வுக் காலம் எப்போது தொடங்குகிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.